குளூட்டமேட்டா, அமிலாய்டா? அம்மாவுக்கு அஜினோமோட்டோவை நிறுத்தணுமா?

கொள்ளிடக்கரை | 2024 ஜூன் 9, காலை 7.52

அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. டோனெபெசில் கொடுத்துக்கொண்டிருந்தோம். போன வாரம் மெமன்டைன் 5 மி.கி. சேர்த்திருக்கிறார்கள். இது எதற்கு என்று தேடினால், "குளூட்டமேட் நரம்பு செல்லைக் கொல்கிறது, அதைத் தடுக்கும் மருந்து" என்று வருகிறது. இன்னொரு இடத்தில் அமிலாய்டுதான் கொல்கிறது என்கிறார்கள். ரெண்டில் எது? குளூட்டமேட்தான் என்றால் அஜினோமோட்டோவும் அதுதானே? அக்கா ஒரு படி மேலே போய் தக்காளியையும் நிறுத்தச் சொல்கிறாள். தக்காளி இல்லாமல் ரசம் வைத்தால் அம்மா தட்டைத் தள்ளிவிடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிப்பெட் | ஜூன் 9, இரவு 10.15

தக்காளியை நிறுத்தாதீர்கள். அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், இங்கே கரண்ட் போய்விட்டுப் போய்விட்டு வருகிறது.

பழைய பிப்பெட் | ஜூன் 10, இரவு 9.40

நான் டாக்டர் இல்லை. எலியின் ஹிப்போகேம்பஸ் (மூளையில் நினைவுக்கான பகுதி) செல்லைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் அமிலாய்டை ஊற்றி, எத்தனை செத்தது என்று எண்ணிக்கொண்டே இளமையைக் கழித்தவள். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் அத்தைக்கு (மாமியார்) இதே நோய், இதே மாத்திரை. இதற்கு மேல் எனக்குத் தகுதி கிடையாது.

அஜினோமோட்டோ பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 1957-ல் லூக்காஸ், நியூஹவுஸ் என்ற இருவர் குட்டி எலிகளுக்குக் குளூட்டமேட் ஊசி போட்டபோது விழித்திரையின் உள் அடுக்கு அழிந்தது. 1969-ல் ஜான் ஓல்னி அதையே மூளையில் பார்த்தார். ஹைப்போதலாமஸில் ஒரு சின்னப் பகுதி கருகிப்போயிருந்தது, அந்த எலிகள் வளர்ந்து குண்டாகின. "கிளர்ச்சியூட்டியே கொல்வது" என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தச் செய்திக்குப் பிறகு அமெரிக்காவில் குழந்தை உணவு கம்பெனிகள் இந்த உப்பைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டன.

ஆனால் அளவைப் பாருங்கள். எலியின் எடையில் ஒரு கிராமுக்கு 0.5 மி.கி. முதல் 4 மி.கி. வரை, தோலுக்கடியில் ஊசியாக, அதுவும் பிறந்த குட்டிக்கு. 50 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் குறைந்தபட்சமே 25 கிராம், ஊசியில். ஃப்ரைடு ரைஸில் தூவுகிற சிட்டிகையோடு இதை ஒப்பிட முடியாது. சாப்பிடுகிற குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் சுவரே தன் எரிபொருளாக எரித்துவிடுகிறது. மிச்சம் இரத்தத்துக்கு வந்தாலும் மூளையின் வாசலில் காவல் இருக்கிறது. ஓல்னியின் எலிகளில் அழிந்தது அந்தக் காவல் பலவீனமான இடம்தான்.

தாய்ப்பாலில் உள்ள தனி அமினோ அமிலங்களில் அதிகம் இருப்பதே குளூட்டமேட். அக்காவுக்கு இதையும் சொல்லலாம்.

மூளை தனக்கு வேண்டிய குளூட்டமேட்டைத் தானே செய்துகொள்கிறது. பிரச்சினை அந்த உள்ளூர்ச் சரக்கில், அது எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. மெமன்டைன் அந்தக் குளூட்டமேட் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது. அவ்வளவுதான்.

பழைய பிப்பெட் | ஜூன் 11, காலை 6.30

மேலே கடைசி இரண்டு வரி தப்பு. தூக்கத்தில் எழுதியது. மெமன்டைன் குளூட்டமேட்டின் இருக்கையில் உட்காருவதில்லை. அதற்குத் தனிக் குறிப்பு எழுதுகிறேன். தப்பை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், என் மாணவர்கள் தேர்விலும் இதையேதான் எழுதுகிறார்கள்.

பழைய பிப்பெட் | ஜூன் 13, இரவு 11.05

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்லும்போது ஒரு வாய் குளூட்டமேட்டை இடைவெளியில் கொட்டுகிறது. அங்கே ஒரு கணம் அதன் செறிவு ஒரு மில்லிமோலார் வரைக்கும் எகிறும். சாப்பாடு முடிந்ததும் இலை எடுக்க வேண்டும். இலை எடுப்பவர்கள் பக்கத்திலேயே நிற்கிற ஆஸ்ட்ரோசைட் செல்கள். வாரிக்கொண்டு போய் குளூட்டமின் ஆக்கித் திருப்பித் தருவார்கள், அதிலிருந்து அடுத்த பந்திக்குச் சமையல். இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது ஈஏஏடி2 என்ற ஒரே வகைக் கடத்திப் புரதம். இலை எடுப்பது தாமதமானால் அடுத்த பந்தி உட்கார முடியாது, எச்சில் வழிந்து தெருவுக்கு வரும்.

சாப்பிட உட்காருகிற ரிசப்டர்களில் (சேதியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) இரண்டு முக்கியம். ஆம்பா வகை உடனே திறந்து உடனே மூடும். என்எம்டிஏ வகை பேங்க் லாக்கர் மாதிரி, ஒரு சாவி போதாது. குளூட்டமேட் வந்து உட்கார வேண்டும், கூடவே கிளைசினோ டி-செரினோ வர வேண்டும். அதன் பிறகும் வாய்க்குள் ஒரு மெக்னீசியம் அடைப்பு இருக்கிறது. செல் ஏற்கெனவே ஆம்பா வழியாகக் கிளர்ந்திருந்தால்தான் அந்த அடைப்பு நகரும். இது 1984-ல் தெரிந்தது. அடைப்பு விலகியதும் உள்ளே பாய்வது கால்சியம்.

கால்சியம் வந்த அளவையும் நேரத்தையும் வைத்துச் செல் முடிவெடுக்கிறது. சட்டென்று நிறைய வந்தால் இணைப்பு வலுக்கும். சன்னமாக, நெடுநேரம் கசிந்தால் இணைப்பு தளரும். அணை உடைந்தது போல வந்தால் செல் சாகும். கடைசி வகையைத் தட்டில் வளர்த்த செல்களில் காட்டியவர் டென்னிஸ் சாய், 1980-களில்.

அதாவது படிப்பதற்கும் மறப்பதற்கும் சாவதற்கும் ஒரே கதவு. கொள்ளிடக்கரை கேட்ட "ரெண்டில் எது"வுக்குப் பதில் ஒற்றை வார்த்தையில் வராததற்குக் காரணம் இதுதான்.

பழைய பிப்பெட் | ஜூன் 14, மதியம் 1.20

"ஆஸ்ட்ரோசைட்டுக்குத் தமிழ் இல்லையா" என்று ஒருவர் தனிச்செய்தியில் திட்டியிருக்கிறார். விண்மீன் செல் என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் பந்தி, எச்சில் இலை என்று எழுதிவிட்டு விண்மீன் என்றால் ஒட்டவில்லை. விட்டுவிடுங்கள்.

பழைய பிப்பெட் | ஜூன் 18, இரவு 10.50

இனி அமிலாய்டு. எனக்கு நேர்ந்த அவமானத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் புரியும்.

அமிலாய்டு பீட்டா என்பது 40 அல்லது 42 அமினோ அமிலம் கொண்ட சின்னத் துண்டு. பெரிய புரதம் ஒன்றை இரண்டு கத்தரிகள் வெட்டும்போது வருகிறது. 1984-ல் கிளென்னர், வாங் இருவரும் பிரித்தெடுத்தார்கள். ஒற்றையாக இருக்கும்போது சாது. நாலைந்து சேர்ந்து கும்பலாகும்போது வம்பு. நிறையச் சேர்ந்து நாராகிப் படிந்தால் அது பிளேக், 1906-ல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியான ஓர் அம்மாளின் மூளையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தது. நான் சேர்ந்த காலத்தில் எல்லாரும் அந்த நடுத்தரக் கும்பலின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம்.

கும்பல் தயாரிக்கும் சமையல் குறிப்பு: பொடியை ஒரு கரைப்பானில் கரைத்து உலர்த்தி, டிஎம்எஸ்ஓ என்ற இன்னொரு கரைப்பானில் கலக்கி, ஹாம் எஃப்12 என்ற வளர்ப்பு நீரில் 100 மைக்ரோமோலாருக்குக் கொண்டுவந்து, 4 டிகிரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். மறுநாள் செல்களின் மேல் இருபதில் ஒரு பங்காக ஊற்றுவேன். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் செல்கள் உதிர்ந்து கிடக்கும். எம்கே-801 சேர்த்தால் (என்எம்டிஏ வாயை இறுக அடைக்கும் பொருள்) செல்கள் பிழைக்கும். எனக்கு ஒரே குதூகலம். அமிலாய்டு கொல்வது என்எம்டிஏ வழியாகத்தான் என்று படம் போட்டு, துறைக் கூட்டத்தில் பேசி, கைதட்டும் வாங்கினேன்.

பின்வரிசையில் இருந்த சீனியர் அக்கா ஒருத்தி கேட்டாள்: "உன் கன்ட்ரோல் தட்டில் என்ன ஊத்தின?" (கன்ட்ரோல் என்றால் அமிலாய்டு மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் அதேபோல் ஊற்றிய ஒப்பீட்டுத் தட்டு.) டிஎம்எஸ்ஓ என்றேன். "எஃப்12-ல என்ன இருக்குன்னு பாத்தியா?"

பார்த்தேன். எஃப்12-ல் குளூட்டமிக் அமிலம் 0.1 மில்லிமோலார், கிளைசின் 0.1 மில்லிமோலார். இருபதில் ஒரு பங்கு என்றால் தட்டில் இரண்டும் 5 மைக்ரோமோலார் (ஆயிரம் மைக்ரோமோலார் ஒரு மில்லிமோலார்). அதாவது லாக்கரின் இரண்டு சாவியையும் நானே என் கையால் ஊற்றிவிட்டு, பூட்டு உடைந்தது அமிலாய்டால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அமிலாய்டு இல்லாத எஃப்12-ஐ மட்டும் ஊற்றிப் பார்த்தபோது அந்தத் தட்டிலும் செல்கள் வாடின.

ஐந்து மைக்ரோமோலாருக்கா வாடும் என்று கேட்பீர்கள். நான் வளர்த்தது ஆஸ்ட்ரோசைட் அதிகம் இல்லாத தட்டு. 1989-லேயே ரோசன்பெர்க்கும் ஐசன்மனும் எழுதியிருக்கிறார்கள்: ஆஸ்ட்ரோசைட் குறைந்த வளர்ப்பில் நரம்பு செல்கள் குளூட்டமேட்டுக்குச் சாகும் வாய்ப்பு நூறு மடங்கு கூடுகிறது. இலை எடுக்க ஆள் இல்லாத பந்தி.

ஆறு மாத வேலை குப்பைக்குப் போனது. இரண்டு நாள் லேப் பக்கமே போகவில்லை.

பழைய பிப்பெட் | ஜூன் 19, இரவு 11.30

நேற்றைய கதையில் மறுபாதியைச் சொல்லாமல் தூங்கிவிட்டேன். திரும்பிப் போய் குளூட்டமேட், கிளைசின் இல்லாத உப்பு நீரில் அமிலாய்டைத் தயாரித்து ஊற்றினேன். ஒரு நாளில் செல்கள் கிட்டத்தட்டச் சாகவே இல்லை. பிறகு வாடவைக்கக்கூடப் போதாத அளவு குளூட்டமேட்டைத் தனியாக ஊற்றினேன். அதிலும் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் உதிர்ந்தன.

ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நூலகத்துக்கு ஓடினால், 1990-லேயே கோ, யாங், காட்மன் மூவரும் இதையே பதிப்பித்திருக்கிறார்கள். அமிலாய்டு செல்லைக் குளூட்டமேட்டுக்குப் பலவீனமாக்குகிறது. 1992-ல் மார்க் மேட்சன் குழு மனித செல்லிலேயே காட்டி, கால்சியக் கட்டுப்பாடு குலைவதுதான் காரணம் என்றும் சொல்லிவிட்டது. என் தப்பு என்னை முப்பது பேர் நடந்த பாதையிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

ஆனாலும் எனக்கு விஷயம் விளங்கியது அன்றைக்குத்தான். அதுவரை அமிலாய்டை எலி பாஷாணம் போல நினைத்திருந்தேன்.

பழைய பிப்பெட் | ஜூன் 20, காலை 8.10

முப்பது பேர் என்றது ஒரு பேச்சுக்கு. எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே ஒருவர் பட்டியல் கேட்கிறார்!

பழைய பிப்பெட் | ஜூன் 23, பிற்பகல் 3.45

"சரி, அமிலாய்டு எப்படிப் பலவீனமாக்குகிறது" என்ற கேள்விக்கு. எனக்கு மனதுக்கு நெருக்கமான விடை 2019-ல் மியூனிக்கில் ஆர்தர் கொன்னர்த் கூட்டத்திலிருந்து வந்தது. உயிருள்ள எலியின் ஹிப்போகேம்பஸில் இரட்டை அமிலாய்டுகளைச் செலுத்திப் பார்த்தார்கள். செல்கள் தறிகெட்டு மின்னின. ஆனால் எல்லாச் செல்லும் இல்லை, ஏற்கெனவே கொஞ்சம் வேலை செய்துகொண்டிருந்தவை மட்டும். சுற்றியுள்ள பேச்சை மருந்தால் அடக்கிவிட்டு ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. குளூட்டமேட்டை வாருகிற கடத்தியை அடைக்கும் மருந்தை மட்டும் கொடுத்தபோது அமிலாய்டு செய்ததையே அதுவும் செய்தது. ஆக, அமிலாய்டு இலை எடுப்பவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. பந்தியே போடாத மண்டபத்தில் இலை தேங்காது.

இதே கூட்டம் 2008-லேயே, பிளேக்குக்கு அருகில் இருக்கும் செல்கள் மற்றவற்றைவிடப் பரபரப்பாக இருப்பதைக் காட்டியிருந்தது.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். 2003-ல் ராபர்ட்டோ மாலினோவ் குழு: நரம்பு செல் அதிகம் பேசினால் அமிலாய்டு அதிகம் சுரக்கிறது, அந்த அமிலாய்டு பேச்சைக் குறைக்கிறது. 2005-ல் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு: உயிருள்ள எலியின் மூளை நீரை நுண்குழாயில் எடுத்து அளந்தார்கள். செல்களைத் தூண்டினால் அமிலாய்டு ஏறுகிறது, பேத்தை மீன் விஷத்தால் அமர்த்தினால் இறங்குகிறது. ஆக குளூட்டமேட் பேச்சு அமிலாய்டைக் கூட்டும், அமிலாய்டு குளூட்டமேட்டைத் தேக்கும். யார் முதலில் என்று கேட்டால் கோழி முட்டைக் கதைதான்.

(அதே ஹோல்ட்ஸ்மன் குழு 2009-ல், விழித்திருக்கும் நேரத்தில் அமிலாய்டு ஏறித் தூக்கத்தில் இறங்குவதையும் காட்டியது. அத்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் திறந்து மூடும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும். படம் ஞாபகம் வந்து என்ன, பீரோ சாவியை ஒளித்துவைத்தது கணவர்தான்.)

பழைய பிப்பெட் | ஜூன் 26, இரவு 9.15

இந்த வாரச் செய்தி. 2006-ல் நேச்சர் இதழில் வந்த "56" (அதில் சொன்ன கும்பலின் பெயர்) கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பன்னிரண்டு அமிலாய்டு சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கும்பல்தான் நினைவைக் கெடுக்கிறது என்ற கட்டுரை. படங்களில் கைவைத்த தடயம் இருப்பதாக 2022-லேயே சயன்ஸ் இதழ் எழுதியிருந்தது. என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன், அதுவும் ஒரு முறை இல்லை.

"அப்போ அமிலாய்டே பொய்யா" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. கும்பல் அமிலாய்டு சினாப்ஸைக் (நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்பை) கெடுக்கிறது என்பது அந்த ஒரு கட்டுரையில் தொங்கவில்லை. 1998-லேயே ஒரு குழு, 2002-ல் டொமினிக் வால்ஷும் டென்னிஸ் செல்கோவும், 2008-ல் நோயாளிகளின் மூளையிலிருந்தே எடுத்த இரட்டைகளை வைத்து ஒரு குழு என்று தனித்தனியாக வந்தவை இருக்கின்றன. பரம்பரையாக இளவயதில் வரும் அல்சைமர் குடும்பங்களில் பழுது இருப்பதும் அந்தப் புரதத்திலோ அதை வெட்டும் கத்தரியிலோதான். செத்தது அந்தப் பன்னிரண்டின் கதை மட்டும்.

ஆனால் வேறொரு குறையை நானே சொல்கிறேன். தட்டில் நாங்கள் ஊற்றியது மைக்ரோமோலார் கணக்கு. மூளையில் கரைந்திருக்கும் அமிலாய்டு அதைவிட ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் குறைவு. நோயோ வருடக்கணக்கில் நடப்பது. ஒரு நாளில் தட்டில் செத்த செல்லை வைத்து இருபது வருடக் கதை சொல்வதில் எனக்கு இப்போது கூச்சம் இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

பழைய பிப்பெட் | ஜூன் 30, இரவு 10.00

ஜூன் 23 குறிப்பைப் படித்த ஒருவர் நன்றாகப் பிடித்துவிட்டார்: "ஒரு பத்தியில் அமிலாய்டு செல்லைத் தறிகெட்டு மின்னவைக்கிறது என்கிறீர்கள், அடுத்த பத்தியில் பேச்சைக் குறைக்கிறது என்கிறீர்கள். எது?"

இரண்டும் அளந்து பார்த்த விஷயங்கள். அதுதான் தொல்லை. 2005-ல் ஒரு குழு, அமிலாய்டு பட்டால் செல் தன் என்எம்டிஏ ரிசப்டர்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றது. 2006-ல் இன்னொன்று, ஆம்பா ரிசப்டர்கள் போய்விடுகின்றன என்றது. அது குறைவுக் கட்சி. பிளேக் பக்கத்துப் பரபரப்பு, அமிலாய்டு எலிகளுக்கு வெளியே தெரியாத வலிப்பு (2007) என்பவை கூடுதல் கட்சி.

நான் சமாதானப்படுத்திக்கொள்வது இப்படி. தேங்கிய குளூட்டமேட் சினாப்ஸுக்கு வெளியே வழிகிறது. வெளியேயும் என்எம்டிஏ ரிசப்டர்கள் இருக்கின்றன. 2002-ல் ஹார்டிங்காமும் ஹில்மர் பேடிங்கும் காட்டியபடி, பந்தியில் உட்கார்ந்திருப்பவை திறந்தால் செல்லுக்கு "வாழ்" என்று சேதி போகிறது. தெருவில் நிற்பவை திறந்தால் அந்தச் சேதி அணைக்கப்படுகிறது. தெருவழியாகக் கால்சியம் சன்னமாகக் கசிய, செல் இணைப்புகளைத் தளர்த்த ஆரம்பிக்கிறது, முள் போன்ற நுனிகளைச் சுருட்டிக்கொள்கிறது. ஆக, ஒவ்வொரு இணைப்பும் பலவீனமாகிறது, வலையமைப்பு மொத்தமும் இரைச்சலாகிறது. கல்யாண மண்டபத்தில் எல்லாரும் கத்தினால் பக்கத்து இலைக்காரர் சொல்வது காதில் விழாது.

இந்த உள்ளே-வெளியே பிரிவு நான் எழுதுகிற அளவுக்குச் சுத்தமாக இல்லை. உள்ளே இருப்பவற்றை மட்டும் நெடுநேரம் திறந்துவைத்தாலும் செல் சாகிறது என்று காட்டியவர்களும் உண்டு. பந்தி உவமை இங்கே கிழிகிறது.

தலைப்பில் "யார் கொல்கிறது" என்ற தொனி இருக்கிறதே, அந்த வினைச்சொல்லே எனக்கு இப்போது உறுத்துகிறது. செல் சாவதற்கு வெகுகாலம் முன்பே இணைப்பு போய்விடுகிறது. நோயாளியின் நினைவு இழப்போடு நெருக்கமாக ஒத்துப்போவதும் பிளேக்கின் எண்ணிக்கை இல்லை, போன சினாப்ஸின் எண்ணிக்கை. 2007-ல் தட்டில் செய்த ஒரு சோதனையில், அமிலாய்டு கும்பலை நீக்கியதும் சுருண்ட முட்கள் திரும்ப முளைத்தன. எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

பழைய பிப்பெட் | ஜூலை 1, காலை 7.00

டௌ (அல்சைமரில் நரம்பு செல்லுக்குள் சிக்கலாகச் சேரும் இன்னொரு புரதம்) எங்கே என்று கேட்கிறார்கள். அதற்கு வேறு இழை வேண்டும். ஒரு வரி மட்டும்: அமிலாய்டு நிறைந்த எலியில் டௌவைக் குறைத்துவிட்டால் அமிலாய்டு இருந்தபடியே இருக்க, கற்றல் கோளாறு குறைந்தது (2007). காரணங்களில் ஒன்றாக 2010-ல் சொன்னது, டௌ ஃபின் என்ற நொதியை என்எம்டிஏ ரிசப்டர் பக்கம் கூட்டிவருகிறது என்பது. சுற்றிச் சுற்றி அதே கதவு.

பழைய பிப்பெட் | ஜூலை 3, இரவு 11.20

ஜூன் 11-ல் கடன் வைத்த மெமன்டைன்.

1960-களில் சர்க்கரை நோய்க்காகச் செய்யப்பட்ட பொருள். சர்க்கரைக்கு உதவவில்லை. பிறகு ஜெர்மனியில் நரம்புக் கோளாறுகளுக்குக் கொடுத்தார்கள். அது என்எம்டிஏ வாயை அடைக்கிறது என்பதே 1989-ல்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 2003-ல் நடுத்தர, முற்றிய அல்சைமருக்கு அனுமதி கிடைத்தது.

என்எம்டிஏ-வை அடைத்தால் சரியாகிவிடும் என்றால் எம்கே-801 கொடுத்திருக்கலாமே? அது போய் அடைத்தால் எழுந்திருக்காது. படிக்கவும் நினைக்கவும் வேண்டிய கதவு அது. மூடியே வைத்தால் ஆள் மயங்குவார், பிதற்றுவார். எலியில் இவ்வகை மருந்து சில நரம்பு செல்களில் ஓட்டை ஓட்டையாகக் காயம் உண்டாக்குகிறது என்று 1989-ல் காட்டியவர் யார் தெரியுமா? அதே ஜான் ஓல்னி. குளூட்டமேட் அதிகமானாலும் காயம், அதை அடைத்தாலும் காயம் என்று இரண்டு முனையையும் காட்டிவிட்டுப் போன மனிதர். பக்கவாதத்துக்கு இந்த வகை மருந்துகளைச் சோதித்த பெரிய முயற்சிகளும் தோற்றன.

மெமன்டைன் உட்காருவது வாய்க்குள், மெக்னீசியம் உட்காருகிற பக்கம். கதவு திறந்திருந்தால்தான் உள்ளேயே வரும். மெக்னீசியம் லேசான கிளர்ச்சிக்கே எழுந்து ஓடிவிடும், தேங்கிய குளூட்டமேட்டின் முணுமுணுப்பே போதும். மெமன்டைன் அதற்கெல்லாம் அசையாது. ஆனால் உண்மையான சேதி பலமாக, சட்டென்று வந்தால் எழுந்து வழிவிடும். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், தெருநாய் குரைத்தால் அசையமாட்டார், சம்பந்தி வந்தால் எழுந்துவிடுவார்.

பலன்? 2003-ல் வந்த 252 பேர் சோதனையில், 28 வாரத்தில் மருந்து எடுத்தவர்கள் மெதுவாகச் சரிந்தார்கள். ஏறவில்லை. ஆரம்பநிலை நோயாளிகளுக்குப் பயன் இருப்பதாகப் பின்னால் தொகுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. நான் எழுதிய இத்தனை கதைக்கும் மாத்திரை கொடுப்பது அவ்வளவுதான்.

அத்தைக்கு 20 மி.கி. வந்த மாதம், சாயங்காலத்தில் "எப்போ வீட்டுக்குப் போவோம்" என்று கேட்பது குறைந்தது. நாங்கள் மாத்திரைக்கு நன்றி சொன்னோம். பிறகுதான் உறைத்தது, அதே மாதம் அந்த அறையின் டியூப்லைட்டை மாற்றியிருந்தோம். முன்பு ஆறு மணிக்கே அறை இருட்டிக் கிடக்கும். கன்ட்ரோல் தட்டு இல்லாத சோதனை, மறுபடியும்.

(நேற்று அமெரிக்காவில் டோனனெமாபுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அமிலாய்டைக் கழுவும் ஊசி. போன வருடத்து லெக்கனெமாப் 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. மூளையில் வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். இரண்டுமே ஆரம்பநிலைக்கானவை, மெமன்டைன் பிந்திய நிலைக்கு. அமிலாய்டை முன்னால் பிடி, குளூட்டமேட்டைப் பின்னால் பிடி என்று பங்கு பிரித்த மாதிரி இருக்கிறது. அப்படித் திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை.)

கொள்ளிடக்கரை | ஆகஸ்ட் 12, காலை 9.33

அக்கா தக்காளி விஷயத்தில் இறங்கிவந்துவிட்டாள். அம்மாவுக்கு இப்போது 20 மி.கி. ஆகிவிட்டது. நாலு நாளாக வறட்டு இருமல், மெடிக்கலில் ஒரு சிரப் கொடுத்தார்கள். கொடுக்கலாமா அக்கா?

பழைய பிப்பெட் | ஆகஸ்ட் 12, காலை 9.50

பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள் தம்பி. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அதுவும் அதே என்எம்டிஏ வாயை அடைக்கிற சாமான். திண்ணையில் இரண்டு பெரியவர்கள். மெமன்டைனோடு சேர்த்தால் குழப்பம், தலைசுற்றல் கூடலாம். அமன்டடின், கெட்டமின் இரண்டுக்கும் இதே பேச்சு. நாளைக்குக் கண்புரை அது இது என்று ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மெமன்டைன் பெயரைச் சொல்லிவிடுங்கள். வயிற்றெரிச்சலுக்குச் சோடா உப்புக் கரைசல் அடிக்கடி கொடுப்பதும் வேண்டாம். சிறுநீர் காரமானால் மெமன்டைன் வெளியேறாமல் உடம்பில் தங்கும்.

பழைய பிப்பெட் | ஆகஸ்ட் 12, இரவு 8.05

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்தான் இருந்ததாம். டாக்டர் வேறு எழுதிக் கொடுத்துவிட்டார். தேன், சுக்கு, மிளகு என்று மூன்று பேர் பின்னூட்டம் போட்டிருக்கிறீர்கள். அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய பிப்பெட் | செப்டம்பர் 15, இரவு 10.30

ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். அமிலாய்டு சோதனை ஆரம்பிக்கிறாளாம், ஜூன் 18 குறிப்பைப் படித்துவிட்டு எந்தக் கன்ட்ரோல் வைப்பது என்று கேட்கிறாள். அமிலாய்டு கலந்த அதே நீர், அமிலாய்டு இல்லாமல், அதே டிஎம்எஸ்ஓ அளவோடு, அதே 4 டிகிரியில் அதே ஒரு நாள் வைத்தது. கூடவே அமினோ அமில வரிசையைத் திருப்பிப் போட்ட 42-லிருந்து 1 வரையிலான துண்டு. செல்கள் இரண்டு வாரமாவது வளர்ந்திருக்கட்டும். ஐந்து நாள் செல்லில் என்எம்டிஏ ரிசப்டர் போதிய அளவு வந்திருக்காது. எதை ஊற்றினாலும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்து நீ ஏதோ பாதுகாப்பு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பாய். அந்தக் கதை எனக்கு வேறு உண்டு, இன்னொரு நாள்.

லேப் பெயரைப் பார்த்தால் நான் இருந்த அதே லேப் போலத் தெரிகிறது. மைனஸ் 80 ஃப்ரீசரில் அடித்தட்டில், பச்சை மூடி போட்ட பெட்டி ஒன்று, மேலே மார்க்கரில் "தொடாதே" என்று எழுதியிருக்கும். அது என்னுடையது. எஃப்12-ல் கரைத்தது. எறிந்துவிடு.